த/பெ. கூரிச்சாத்தான்

நெடுங்கண்மாய்,
முதுகுளத்தூர் வழி.
22.1.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி ராக்கு எழுதுவது. பொங்கலுக்கு வருவீர்கள் என்று எதிர்பார்த்தேன். திருப்பூரில் லீவு கொடுத்திருக்க மாட்டார்கள். உங்கள் சர்க்கரை எந்த அளவில் இருக்கிறது? வீரலட்சுமி, மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. இன்னும் பத்து நாளில் மிளகாய்ப் பழம் எடுக்கக் கூப்பிட்டுவிடுவார்கள். அப்புறம் எழுத நேரம் இருக்காது என்று இப்போதே உட்கார்ந்தேன்.

ஒரு விஷயம். கோபப்படாமல் படியுங்கள். நம் தம்பி இருளாண்டி எங்கே இருக்கிறான் என்று கேட்டு அரசாங்கத்துக்கு மனுப் போட்டுவிட்டேன்.

எங்கள் மகளிர் குழுவுக்கு ஹமீதா பானு என்று ஒரு பிள்ளை வருகிறது. படித்த பிள்ளை. புதுச் சட்டம் வந்திருப்பதாகச் சொன்னது. "எந்த ஆபீசா இருந்தாலும் பத்து ரூபா ஸ்டாம்ப் ஒட்டி எழுதிக் கேளுங்க. முப்பது நாளுக்குள்ள பதில் சொல்லியே ஆகணும்" என்றது. உடனே ஆளுக்கொன்று ஆரம்பித்தார்கள். கண்மாய்க் கரை போட்ட கணக்கைக் கேட்கணும், ரேஷன் மண்ணெண்ணெய் எங்கே போகுதுன்னு கேட்கணும் என்று ஒரே சத்தம். "தொலைஞ்சு போன ஆளக் கேக்கலாமா?" என்றேன் நான்.

தொலைந்து போகவில்லை, நாம்தான் விட்டுவிட்டு வந்தோம் என்பது எனக்குத் தெரியும் அண்ணே. 96 ஆடியில் நீங்கள் ஏர்வாடிக்குக் கூட்டிப்போய் ஒரு காப்பகத்தில் சேர்த்தீர்கள். ஐந்து வருஷம் கழித்து அந்தத் தீ விபத்து. செத்தவர்கள் பெயரைப் பேப்பரில் வரி வரியாகப் பார்த்தேன். அவன் பெயர் இல்லை. அதற்கப்புறம் காப்பகங்களை மூடி, ஆட்களை மெட்ராசுக்கு ஏற்றிப்போய்விட்டார்கள். அதோடு நமக்கும் அவனுக்கும் பேச்சே இல்லை. எங்கள் வீட்டுக்காரர் இருந்தவரை தம்பி பேரை எடுத்தாலே, "ஒங்க வீட்டுக் கிறுக்க இங்கன கொண்டுக்கிட்டு வராத" என்று பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிடுவார். அவரும் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இப்போது இந்த வீட்டில் நான் ஒன்று கேட்டால் நானேதான் பதிலும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எந்தக் காப்பகம், எந்தத் தேதி என்று மனுவில் எழுத எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மறக்காமல் எழுதுங்கள்.

அன்புத் தங்கச்சி,
ராக்கு

*

திருப்பூர்
11.2.2007

அன்புத் தங்கச்சி ராக்குவுக்கு, அண்ணன் செல்லச்சாமி எழுதுவது.

கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். சர்க்கரைக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நீ முழங்காலுக்கு விளக்கெண்ணெய் சூடு பண்ணித் தடவு. வெயிலில் ரொம்ப நேரம் குனிந்து நிற்காதே. உனக்கு யாரும் இல்லை என்று நினைக்க வேண்டாம், நான் இருக்கிறேன்.

மனு விஷயம். உன் மனசு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அரசாங்கத்தில் ஒன்றைக் கேட்டால் அது ஒன்றோடு நிற்காது. நாளைக்கு விசாரணை என்று போலீஸ் வரும், வி.ஏ.ஓ. வருவார். தனியாக இருக்கிற பொம்பளை, உனக்கு எதற்கு இது? பத்து ரூபாய் என்றுதான் சொல்வார்கள். பஸ்ஸுக்கு எவ்வளவு, வேலைக்குப் போகாத கூலி எவ்வளவு, எல்லாம் யோசித்துப் பார். அவனை அரசாங்கம் நல்லபடியாகத்தான் வைத்திருக்கும். நாம் போய்க் கலைக்க வேண்டாம்.

இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. நான் வாட்ச்மேனாக இருக்கும் பனியன் குடோன் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன், அதற்குப் போடு. வீட்டில் சின்னப்பிள்ளைகள் கடிதத்தைக் கிழித்துப்போடுகிறார்கள்.

உன் நலத்தையே வேண்டும்
அண்ணன்

*

நெடுங்கண்மாய்
19.4.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

ராக்கு எழுதுவது. மாத்திரை ஒத்துக்கொண்டதா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பழம் எடுத்து எடுத்துக் கை எரிகிற எரிச்சலில் பேனா பிடிக்க முடியவில்லை. அதனால்தான் தாமதம்.

என் கூத்தைக் கேளுங்கள். முதலில் போட்ட மனு அப்படியே திரும்பி வந்துவிட்டது. பத்து ரூபாய் ஸ்டாம்ப் என்றதும் நான் போஸ்ட் ஆபீசில் போய்ப் பத்து ரூபாய்க்குத் தபால் தலை வாங்கி, நாக்கில் நனைத்து நனைத்து மனு மேலேயே வரிசையாக ஒட்டி அனுப்பியிருக்கிறேன். கோர்ட் ஸ்டாம்ப் என்று தனியாக ஒன்று இருக்கிறதாம். முதுகுளத்தூரில் ஸ்டாம்ப் விற்கிற மதார் பாய் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. "என்னத்தா, மனுவ ஆபீசுக்குள்ளயே தபால்ல சுத்த விட்டியா?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாள் ஆச்சு என்று அப்போதுதான் நினைத்தேன்.

ஏழைகளுக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாமாம். ஆனால் ஏழை என்று எழுதி வாங்கிக் காட்ட வேண்டும். அதற்கு மூன்று தடவை பஸ் ஏறச் சொன்னார்கள். போங்கய்யா நான் பணக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஸ்டாம்பை வாங்கி ஒட்டிவிட்டேன்.

இரண்டாவது மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. ஒரே வரி. "மனுவில் கண்ட இருளாண்டி என்ற பெயரில் எவரும் ஏர்வாடியிலிருந்து அனுப்பப்பட்டவர் பட்டியலில் இல்லை என்று தெரிவிக்கப்படுகிறது." கீழே சீல்.

பட்டியலில் இல்லை என்றால் என்ன அர்த்தம் அண்ணே? செத்தவர்கள் பெயரிலும் இல்லை, அனுப்பியவர்கள் பெயரிலும் இல்லை. அப்புறம் ஆள் எங்கே? போன கடிதத்தில் நான் கேட்டதற்கு நீங்கள் பதிலே எழுதவில்லை. எந்தக் காப்பகம் என்று மட்டும் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும்.

தங்கச்சி
ராக்கு

*

திருப்பூர்
27.5.2007

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். உன் கை எரிச்சல் குறைந்ததா? இங்கே பேத்திக்குக் காது குத்தி முடிந்தது. சின்ன அளவில் வைத்ததால் உனக்குச் சொல்ல முடியவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

காப்பகத்தின் பெயர் எனக்கு ஞாபகம் இல்லை. பதினோரு வருஷம் ஆகிவிட்டது. அரசாங்கமே இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு, அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா? அவனுக்காக முனியசாமி கோயிலில் ஒரு விளக்கு ஏற்றிவிட்டு மனசை ஆற்றிக்கொள். அதற்குமேல் நம்மால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை.

அண்ணன்

*

நெடுங்கண்மாய்
30.8.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

சர்க்கரை எப்படி இருக்கிறது? எனக்கு ஒன்றும் இல்லை.

நீங்கள் சொன்னபடி விளக்கு ஏற்றவில்லை. மனுதான் போட்டேன். ஒரு ஆளைப் பற்றிக் கேட்டால்தானே இல்லை என்கிறார்கள், பட்டியல் முழுவதையும் கொடுங்கள் என்று கேட்டேன். ஹமீதா பானு சொல்லிக்கொடுத்த வழி. இருபத்துமூன்று பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டினால் தருகிறோம் என்று எழுதினார்கள். கட்டினேன். வந்தது.

மூன்று நாள் படித்தேன் அண்ணே. அவசரமாகப் படிக்க மனசு வரவில்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு ஆளின் பெயர், அப்பா பெயர், ஊர், வயசு. எந்தெந்த ஊரோ. சில வரியில் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும்தான் இருக்கிறது. சிலருக்கு அப்பா பெயரும் கோடுதான். எனக்கு முன்பின் தெரியாத ஆட்கள், ஆனாலும் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தேன். இவர்களை வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

பதினேழாவது பக்கத்தில் இப்படி இருக்கிறது: "முனியசாமி, த/பெ. கூரிச்சாத்தான், சாயல்குடி, வயது 31."

நம் அய்யாவின் பெயர் இந்தச் சீமையில் வேறு யாருக்கும் கிடையாது. நாலு பிள்ளை பிறந்து பிறந்து செத்தபின் கூரிச்சாத்தனார் சாமிக்கு நேர்ந்து வைத்த பெயர் என்று அய்யாவே எத்தனை தடவை சொல்லியிருக்கிறது. சாயல்குடியில் நமக்குச் சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை. 2001-ல் தம்பிக்கும் முப்பத்தொன்று.

இந்த முனியசாமி யார் அண்ணே?

ராக்கு

*

நெடுங்கண்மாய்
2.11.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

ராக்கு எழுதுவது. இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு கார்டு கூட இல்லை. உடம்புக்கு ஏதுமோ என்று பயந்து, மதார் பாய் கடையிலிருந்து போன் போட்டேன். வீரலட்சுமிதான் எடுத்தது. "அப்பா குளிக்கிறாக அத்தை, அப்புறம் கூப்பிடச் சொல்றேன்" என்றது. பின்னால் நீங்கள் இருமுகிற சத்தம் கேட்டது. சரி, ஆள் உயிரோடு இருக்கிறார் என்று வைத்துவிட்டேன்.

அந்த முனியசாமியைப் பற்றிச் சென்னை ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கேட்டேன். பதில் வந்திருக்கிறது. அப்படி ஒருவர் இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். அதைப் படித்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். யாரிடம் போய்ச் சொல்வது? பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் காதில் விழட்டும் என்று சத்தமாகவே அழுதேன், அவள் களை எடுக்கப் போயிருந்தாள்.

ஆனால் மற்ற விவரம் எதுவும் தர மாட்டார்களாம். ரத்த உறவுக்குத்தான் தருவார்களாம். "சாயல்குடி முனியசாமிக்கு நீங்கள் என்ன உறவு, அதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்கிறார்கள். என் ரேஷன் கார்டில் நெடுங்கண்மாய். என் தம்பி பள்ளிக்கூடச் சான்றிதழில் இருளாண்டி. அவர்கள் கேட்பதும் நியாயம்தானே? சேர்த்துவிட்ட ஆள் வந்து, தவறான பெயர் கொடுத்துச் சேர்த்தேன், இவன்தான் இருளாண்டி என்று முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒத்துக்கொள்வார்களாம்.

நான் எத்தனை ஸ்டாம்ப் வேண்டுமானாலும் ஒட்டுவேன் அண்ணே. அந்தக் கையெழுத்து உங்களிடம்தான் இருக்கிறது. தீபாவளிக்குள் ஒரு பதில் போடுங்கள்.

ராக்கு

*

திருப்பூர்
16.12.2007

ராக்கு,

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

வீரலட்சுமியைப் பெண் பார்க்க வந்த அன்று அவன் முற்றத்தில் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தது உனக்கும் தெரியும். அந்த இடம் தட்டிப்போனது. அடுத்து வந்தது இந்தத் திருப்பூர் இடம். அதுவும் போயிருந்தால் உன் மதினி கிணற்றில் விழுந்திருப்பாள். எனக்குத் தம்பியே இல்லை என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசினேன்.

ஏர்வாடிக்குப் பஸ்ஸில் போனோம். அவனுக்கு ஒரே சந்தோஷம், ஜன்னலோரம் உட்கார்ந்து கடல் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே வந்தான். தர்காவில் சந்தனக்கூடு திருவிழா பார்க்கப் போகிறோம் என்று பொய் சொல்லியிருந்தேன். காப்பகத்தில் பாக்கர் என்று ஒருவர் பதிவேடு எழுதினார். தங்கமான மனுஷன், முதலில் அவனுக்குத்தான் டீ வாங்கிக் கொடுத்தார். "ஆளு பேரு என்ன?" என்று கேட்டார். நாளைக்கு யாராவது சம்பந்தி வீட்டு ஆள் தர்காவுக்கு வந்து பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நொடியில் மனசு கெட்டது. முனியசாமி என்றேன். சாமி பேர்தானே, அது காப்பாற்றட்டும் என்று நினைத்தேன். ஊர் கேட்டார். எதிரே நின்ற பஸ்ஸில் சாயல்குடி என்று போர்டு இருந்தது, அதைச் சொன்னேன். அப்பா பெயர் கேட்டார். அய்யா பெயரை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை ராக்கு. அது ஒன்றுதான் நான் சொன்ன உண்மை.

அவன் என் பக்கத்திலேயே நின்றான். "அண்ணே, எம்பேரு இருளாண்டில்ல?" என்றான். பாக்கர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சொன்னேன்: "அப்படித்தேன் சொல்லுவான். அவனுக்குத் தன் பேரே தெரியாது. அதுதேன் வியாதியே." அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

இதை உன் மதினிக்குக்கூட, அவள் சாகிறவரை சொன்னதில்லை.

ஆனால் முத்திரைத் தாள் வேண்டாம். நான் இன்று சம்பந்தி வீட்டுச் சோறு தின்கிறேன். பேத்திகள் இரண்டு பேர் வளர்கிறார்கள். கிறுக்கு இருக்கிற வம்சம், அதையும் மறைத்த வம்சம் என்று ஆகிவிட்டால் அந்தப் பிள்ளைகளை நாளைக்கு யார் எடுப்பார்கள்? என்னிடம் வேறு எதை வேண்டுமானாலும் கேள். இதை மட்டும் கேட்காதே.

செல்லச்சாமி

*

நெடுங்கண்மாய்
5.1.2008

அண்ணே,

உன்னை நீ என்றுதான் எழுத வருகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

தம்பி இல்லை என்று சம்பந்தி வீட்டில் சொன்னாய். சரி, பெண்ணைப் பெற்றவன், சொல்லிவிட்டுப் போ. அவன் நல்லாத்தான் பேசினான் உன்னிடம். எம்பேரு இருளாண்டி என்று புத்தியோடு சொன்னான். அந்த ஒரு வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு கிறுக்குப் பட்டம் கட்டிவிட்டு, எப்படி பஸ் ஏறி வந்தாய்? அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில்தானே சாப்பிட்டாய். மீன் குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பேப்பரில் அவன் பெயர் இல்லை என்று ஆறு வருஷம் நிம்மதியாகக் கஞ்சி குடித்தேனே, அவன் செத்திருந்தால்கூட முனியசாமி என்றுதானே போட்டிருப்பார்கள்? நானும் அந்த வரியைத் தாண்டித்தானே போயிருப்பேன்?

உன் பேத்திகளுக்கு மாப்பிள்ளை வர இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. அவனுக்கு ஏற்கெனவே பதினோரு வருஷம் போய்விட்டது. நான் இனி உன்னை எதுவும் கேட்க மாட்டேன்.

ராக்கு

*

திருப்பூர்
20.4.2008

ராக்குவுக்கு,

இத்துடன் முத்திரைத் தாள் வைத்திருக்கிறேன். நீ கேட்டபடி எல்லாம் இருக்கிறது. ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல், திருப்பி எழுதித் தருகிறேன்.

எழுதிய வக்கீல், கையெழுத்துக்கு முன்னால் சத்தம் போட்டு எனக்கே படித்துக் காட்டினார். "நான், மேற்படி கூரிச்சாத்தான் மகன் செல்லச்சாமி, என் உடன்பிறந்த தம்பியைப் பொய்யான பெயரில்..." என்று. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பின்னால் தெரிந்து அசிங்கப்படுவதைவிட நானே சொல்லிவிடுவோம் என்று மாப்பிள்ளையிடம் முதலிலேயே சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். சம்பந்தி அம்மாள்தான், "பன்னெண்டு வருசமா எங்க வீட்டுல உக்காந்து சாப்புட்டுக்கிட்டே மறைச்சிருக்கீகளே" என்றார்கள். அதற்கு நான் என்ன சொல்ல? இப்போது குடோனிலேயே தங்கிக்கொண்டேன். ஒரு கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வசதிக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீரலட்சுமி மாமியாருக்குத் தெரியாமல் சாப்பாடு கொண்டுவருகிறது.

நீ ஒரு வரி எழுதினால் போதும். திட்டி எழுதினாலும் சரி.

அண்ணன்

*

நெடுங்கண்மாய்
13.7.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதமும் தாளும் கிடைத்தன. கட்டிலில் மூட்டைப்பூச்சி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்காரர் பட்டினி கிடக்கக் கூடாது. உங்களை இந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டேனே என்று சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் கேட்டது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

தாளை வைத்து ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கேட்டு வாங்கிவிட்டேன். பதினான்கு பக்கம். எல்லாம் இங்கிலீஷ். ஹமீதா பானு எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, நான் நோட்டில் எழுதினேன். பாதியில் அந்தப் பிள்ளை தாள்களை மடித்து வைத்தது. "மீதிய நாளைக்குப் படிப்பமா?" என்றது. வேண்டாம், இன்றைக்கே படி என்றேன். எழுதியதை அப்படியே கீழே தருகிறேன்.

2001. நோயாளி தன் பெயர் இருளாண்டி என்கிறார். ஊர் நெடுங்கண்மாய் என்கிறார். பதிவேட்டில் அவ்வாறு இல்லை. தன் பெயர் அறியாதவர் என்று சேர்த்தபோதே உறவினர் தெரிவித்துள்ளார்.

2002. சாப்பாடு, தூக்கம், பேச்சு சீராக உள்ளன. வீட்டுக்கு அனுப்பலாம் என்று சாயல்குடி முகவரிக்குக் கடிதம் அனுப்பப்பட்டது. அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பிவிட்டது.

2003. மறுபடி கடிதம். மறுபடி திரும்பியது. நெடுங்கண்மாய்க்கு, அக்கா ராக்குவுக்கு எழுதும்படி தினமும் கேட்கிறார். பெயர் பற்றிய குழப்பம் தீரவில்லை. மாத்திரை கூட்டப்பட்டது.

2004. குழப்பம் தொடர்கிறது. மாத்திரை கூட்டப்பட்டது.

2005. பெயர் கேட்டதற்கு முனியசாமி என்றார். ஊர் சாயல்குடி என்றார். நல்ல முன்னேற்றம்.

இவ்வளவுதான் அண்ணே. அப்புறம் வருகிற பக்கமெல்லாம் "முன்னேற்றம்" என்ற ஒரே வார்த்தைதான்.

அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? அவர்கள் கையில் இருந்த காகிதத்தைத்தான் அவர்கள் நம்பினார்கள். அடுத்த வாரம் ஹமீதா பானுவோடு மெட்ராஸ் போகிறேன்.

ராக்கு

*

நெடுங்கண்மாய்
7.9.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பியைக் கூட்டி வந்துவிட்டேன். வந்து ஆறு வாரம் ஆகிறது. உடனே எழுதாததற்குக் கோபப்படாதீர்கள். அவன் என்ன சாப்பிடுகிறான், எப்போது தூங்குகிறான் என்று பார்ப்பதிலேயே பொழுது போய்விடுகிறது.

மெட்ராசில் எங்களை ஒரு ரூமில் உட்கார வைத்துவிட்டு, "முனியசாமி!" என்று கூப்பிட்டார்கள். தலை முழுக்க நரைத்து ஒரு ஆள் வந்து நின்றான். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. நடையில்தான் தெரிந்தது, நம் அய்யாவைப் போலவே இடது காலைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். "இருளாண்டி!" என்று கையைப் பிடித்தேன். அவன் கையை உருவிக்கொண்டு, டாக்டரம்மாவைப் பார்த்து விறைப்பாக நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான்: "எம்பேரு முனியசாமி. அப்பா பேரு கூரிச்சாத்தான். ஊரு சாயல்குடி."

அந்த அம்மா நல்ல மாதிரி. உங்கள் தாளைப் படித்தவர். தலையைக் குனிந்துகொண்டு, கையெழுத்துப் போடுகிறேன் என்று மேஜைப் பக்கம் போய்விட்டார். அவர் போனதும்தான் இவன் என் காதுப் பக்கம் குனிந்தான்.

"அக்கா, அந்தப் பேரச் சொல்லாத. மாத்திரையக் கூட்டிருவாக" என்றான்.

என்னைத் தெரிந்திருக்கிறது அண்ணே. தன் பேரும் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் மூன்று வருஷமாக முனியசாமியாக இருந்திருக்கிறான். நான் அங்கேயே வாய்விட்டுக் கதறிவிட்டேன். அவன்தான், "அழுகாதக்கா, அழுதாலும் எழுதிக்கிருவாக" என்று என் வாயைப் பொத்தினான்.

இங்கே நன்றாக இருக்கிறான். காலையில் ஆட்டைப் பத்திக்கொண்டு கண்மாய்க்குள் போகிறான். பாண்டியம்மாள் வீட்டுக் கூரை மேய்ந்து கொடுத்தான். ஆனால் ஊரில் யாராவது இருளாண்டி என்று கூப்பிட்டால் நாலு பக்கமும் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். நான் கூப்பிட்டாலும் அப்படித்தான். "இங்கன டாக்டரும் இல்ல, பதிவேடும் இல்லடா" என்று எத்தனையோ சொல்லிப் பார்த்துவிட்டேன். உங்கள் முத்திரைத் தாளின் நகலைக்கூட எடுத்துப் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டான். அப்புறம் சொன்னான்:

"எழுத்துல வேணாம்க்கா. அண்ணன் வாயாலதான சொல்லுச்சு, எனக்கு எம்பேரு தெரியாதுன்னு. அது வந்து தெரியும்னு சொல்லட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகத்தான் சொன்னான். உங்களுக்குச் சர்க்கரை என்றேன், "அண்ணனுக்கா? எப்ப இருந்து?" என்று விசாரித்தான்.

குடோனில் சொல்லிவிட்டுப் பெட்டியோடு வந்துவிடுங்கள். மூன்று பேருக்கு இந்த வீடு போதும். அவன் பகலில் கண்மாய்க்குள்தான் இருப்பான். வந்ததும் நேரே கரைக்குப் போய், ஊருக்கே கேட்கிற மாதிரி அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

உங்கள் தங்கச்சி,
ராக்கு